வக்காலத்து இல்லாத யந்திரம்

அமெரிக்காவிலுள்ள ஆந்த்ரோபிக் என்னும் செயற்கை நுண்ணறிவுக் கம்பெனியார் 2025 நவம்பர் 13-ந் தேதி ஓர் அறிக்கை வெளியிட்டனர். நமது பத்திரிகைகளில் அது ஒரு நாள் செய்தியாக வந்து மறைந்தது. அதே வாரத்தில் டில்லி சர்க்கார், பிரஜைகளின் சொந்த விவரங்களைக் காப்பது பற்றிய விதிகளைக் கெஜட்டில் பிரசுரித்தனர். அதுவும் அவ்வாறே மறைந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தவர் நம்மில் சிலரே. படித்திருந்தால், தர்மபுரி ஜில்லாவில் குடும்ப அட்டை வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இவ்விஷயத்தில் சம்பந்தமுண்டு என்பது விளங்கியிருக்கும்.

அறிக்கையின் சாரம் இது. 2025 செப்டம்பர் மத்தியில், சீன சர்க்காரின் ஆதரவு பெற்றதெனக் கம்பெனியார் உறுதியாகக் கருதும் ஒரு கூட்டத்தார், கம்ப்யூட்டர் நிரல் எழுதுவோருக்குத் துணையாகக் கம்பெனியார் விற்கும் ‘க்ளாட் கோட்’ என்னும் சாதனத்தைக் கைக்கொண்டு, பல தேசங்களிலுள்ள சுமார் 30 ஸ்தாபனங்களின் கம்ப்யூட்டர்களுக்குள் நுழைய முயன்றனர். பெரிய தொழில்நுட்பக் கம்பெனிகள், பணம் புழங்கும் நிறுவனங்கள், ரசாயன உற்பத்திச் சாலைகள், சர்க்கார் இலாகாக்கள் ஆகியவை அவற்றில் அடங்கும். சில இடங்களில் அவர்கள் வெற்றியும் பெற்றனர். வேலையில் 80 முதல் 90 சதவிகிதம் வரை யந்திரமே செய்தது. மனிதர் தலையிட்டுத் தீர்மானித்த இடங்கள் ஒவ்வொரு முயற்சியிலும் நாலு முதல் ஆறு வரையே என்று அறிக்கை கூறுகிறது.

இதில் இரண்டு விஷயங்கள் நம் மனத்தை உறுத்துகின்றன. முதலாவது, அக்கூட்டத்தார் உபயோகித்த கருவிகள் பெரும்பாலும் புதியன அல்ல. யோக்கியமான பரிசோதகர்கள் பல ஆண்டுகளாகக் கையாண்டு வரும், எவரும் இலவசமாகப் பெறக்கூடிய கருவிகளே. இரண்டாவது, யந்திரம் முதலில் மறுக்காதிருக்கும்படி அவர்கள் செய்த தந்திரம். தாங்கள் ஒரு கண்ணியமான பந்தோபஸ்துக் கம்பெனியின் ஊழியர்கள் என்றும், நடப்பது தற்காப்புக்கான சோதனை என்றும் அதனிடம் சொன்னார்கள். வேலையைச் சிறு சிறு துண்டுகளாக்கிக் கொடுத்தார்கள். யந்திரம் வாய்ச்சொல்லை நம்பியது. எந்த முன்சீப் கோர்ட்டிலும் ஒரு வக்கீல் எழுந்து, ‘நான் இன்னாருக்காக ஆஜராகிறேன்’ என்று சொன்னால், ‘வக்காலத்து எங்கே?’ என்று குமாஸ்தா கேட்பார். அந்தக் குமாஸ்தா கேட்கும் கேள்வியைக் கேட்க இங்கே ஒருவருமில்லை.

இந்த அறிக்கையை வேதவாக்காகக் கொள்ள வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. தன் சரக்கு தீய வழியில் போயிற்று என்று வியாபாரி தானே சொல்வது தனக்கு விரோதமான வாக்குமூலம். அதற்குச் சாட்சிய மதிப்பு அதிகம். ஆனால் அதே வாக்குமூலம் ‘எங்கள் சரக்கு எவ்வளவு வல்லமையுள்ளது பாருங்கள்’ என்ற விளம்பரமாகவும் இருக்கிறது. மற்றவர்கள் சரிபார்த்துக்கொள்வதற்கு வேண்டிய தடயங்களைக் கம்பெனியார் பிரசுரிக்கவில்லை என்று துறை வல்லுநர் சிலர் அப்போதே குறை கூறினர். அது நியாயமான குறை. எனினும், சதவிகிதக் கணக்கு முன்பின்னாக இருந்தாலும், இணைப்பு சாத்தியம் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை.

அந்த இணைப்பு இன்னதென்பதை, கம்ப்யூட்டர் தொழிலில் பழக்கமில்லாத வாசகர்களுக்காகச் சற்று விளக்குவோம். ஒரு கம்ப்யூட்டரின் எந்தெந்த வாயில்கள் திறந்திருக்கின்றன என்று தட்டிப் பார்த்துச் சொல்லும் ‘என்மேப்’ என்ற கருவி 1997-ல் வந்தது. அறியப்பட்ட பலவீனங்களின் வழியே உள்ளே நுழைந்து காட்டும் ‘மெட்டாஸ்பிளாய்ட்’ 2003-ல் வந்தது. இணையதளத்துக்கும் அதைப் பார்ப்பவருக்கும் நடுவே அமர்ந்து, போகும் வரும் ஒவ்வொரு கடிதத்தையும் பிரித்துப் பார்க்க உதவுவது ‘பர்ப் ஸூட்’. இணையதளத்தில் நாம் நிரப்பும் கட்டத்தில் தந்திரமான வாக்கியத்தை இட்டு, பின்னாலுள்ள விவரக் களஞ்சியம் முழுவதையும் வெளியே கொட்டச் செய்ய முடியுமா என்று சோதிப்பது ‘எஸ்க்யூஎல்மேப்’. இவையும் இவை போன்ற மற்றவையும் ஒரே பெட்டியில் அடுக்கப்பட்டு ‘காலி லினக்ஸ்’ என்ற பெயரில் 2013 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன.

இவை இத்தனை காலமாகத் தெருவில் கிடந்தும் உலகம் குடிமுழுகிப் போகாததற்குக் காரணம் ஒன்றே. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிப் பாஷை. அது கக்கும் நூற்றுக்கணக்கான வரிகளில் எது பொருட்படுத்தத் தக்கது, எது குப்பை, அடுத்தபடி எந்தக் கருவியை எடுக்க வேண்டும் என்று அறிவதற்குப் பல வருஷப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியின் அருமையே இதுகாறும் நமக்கு வேலியாக இருந்து வந்தது, சட்டமல்ல, போலீஸுமல்ல.

2024 நவம்பரில், மேற்சொன்ன கம்பெனியாரே, செயற்கை நுண்ணறிவையும் வெளிக் கருவிகளையும் ஒன்றோடொன்று பேசவைக்கும் பொதுவான முறையொன்றை வெளியிட்டனர். ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்பது அதன் பெயர், எம்.சி.பி. என்று சுருக்கிச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு நிரலெழுதும் துணைவன் நிரல் எழுதுவதோடு நிற்கவில்லை. அவனே என்மேப்பை ஓட்டுகிறான். அது சொல்வதைப் படிக்கிறான். திறந்த வாயிலைக் கண்டால் அதற்குத் தக்க அடுத்த கருவியை எடுக்கிறான். தோற்றால் வேறு வழி பார்க்கிறான். எஜமானன் தன் சொந்தப் பாஷையில் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். பர்ப் ஸூட்டைத் தயாரிக்கும் கம்பெனியாரே 2025-ல் இத்தகைய இணைப்பை வெளியிட்டார்கள். அதே வருஷம் ‘ஹெக்ஸ்டிரைக்’ என்ற பெயரில் 150-க்கும் மேற்பட்ட கருவிகளை ஒரே இணைப்பில் கோத்துக் கொடுத்தார் ஒருவர். தற்காப்போருக்கென்று செய்த அதை, சிட்ரிக்ஸ் கம்பெனியின் சாதனங்களில் அப்போதுதான் வெளிப்பட்டிருந்த ஓட்டைகளின்மேல் பிரயோகிப்பது பற்றித் திருட்டுக் கும்பல்கள் பேசிக்கொள்வதாக, செக் பாயிண்ட் என்னும் நிறுவனத்தார் செப்டம்பர் ஆரம்பத்திலேயே எச்சரித்தனர். வேலி சாய்ந்துவிட்டது.

உடனே ‘தடை செய்க’ என்ற கூக்குரல் எழலாம். அது பயனற்ற கூக்குரல். தடை செய்தால் கீழ்ப்படிகிறவன் யோக்கியன் மட்டுமே. அதைவிட முக்கியமாக, இந்த இணைப்பால் விளையும் நன்மையை இழந்து நிற்கக்கூடிய செல்வம் நம்மிடம் இல்லை. அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி ஸ்தாபனமாகிய டார்ப்பா நடத்திய போட்டியின் இறுதிச் சுற்று 2025 ஆகஸ்டில் முடிந்தது. பரிசோதனைக்கென்று புகுத்திவைத்த பலவீனங்களில் 54-ஐ மனிதர் துணையின்றி யந்திரங்கள் கண்டுபிடித்தன. 43-ஐத் திருத்தியும் கொடுத்தன. எவரும் புகுத்தாத, உண்மையிலேயே இருந்த 18 பலவீனங்களும் அகப்பட்டன. ஒரு காரியத்துக்கு ஆன செலவு சராசரி 152 டாலர். பெரிய பாங்கிகள் லட்சக்கணக்கில் கொடுத்துப் பரிசோதகர்களை அமர்த்திக்கொள்கின்றன. ஒரு பேரூராட்சியின் வரி வசூல் இணையதளத்துக்கு, ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குக்கு, ஒரு கல்லூரியின் மாணவர் பதிவேட்டுக்கு அந்த வசதி எந்தக் காலத்தில் வரப்போகிறது? வருமானால் இந்த வழியாகவே வரும்.

தகடூர் அதியமானுக்காகத் தூது சென்ற ஔவையை, காஞ்சியில் தொண்டைமான் தன் ஆயுத சாலைக்கு அழைத்துச் சென்று காட்டிய கதையை இந்த ஜில்லாவில் பிறந்தவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே நெய் பூசி, மாலை சூட்டி, பளபளவென்று வைக்கப்பட்டிருந்த வேல்களையும், முனை மழுங்கிக் கொல்லன் உலைக்களத்தில் கிடந்த நம் அதியமானின் வேல்களையும் அந்த மூதாட்டி ஒப்பிட்டுப் பேசியதன் குறும்பு இன்றைக்கும் பொருந்துகிறது. நமது சர்க்கார் இலாகாக்களின் பந்தோபஸ்துச் சான்றிதழ்கள் மாலை சூட்டிய வேல்கள். அவை சட்டமிட்டுச் சுவரில் தொங்குகின்றன. அடிபட்டு மழுங்கி, உலைக்குப் போய்த் திரும்பிய வேல் எத்தனை என்பதே கேள்வி.

நிற்க. யந்திரத்தின் குறைகளையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மேற்படி அறிக்கையிலேயே, யந்திரம் கிடைக்காத கடவுச்சொற்களைக் கிடைத்ததாகவும், ஊரறிந்த விவரங்களை ரகசியங்களாகவும் சொல்லித் தன் எஜமானர்களையே ஏமாற்றியதாகக் கண்டிருக்கிறது. திருடர்களுக்கு இது சிறு தொல்லை, யோக்கியர்களுக்குப் பெருந்தொல்லை. உலகெங்கும் கோடிக்கணக்கான சாதனங்களில் இயங்கும் ‘கர்ல்’ என்ற நிரலைப் பராமரித்து வரும் ஸ்வீடன் தேசத்து டேனியல் ஸ்டென்பெர்க், யந்திரங்களைக் கொண்டு எழுதப்பட்ட பொய்ப் புகார்களின் வெள்ளம் தாங்காமல், பலவீனம் காண்போருக்குப் பணப் பரிசளிக்கும் முறையையே 2026 ஜனவரியோடு நிறுத்திவிட்டார். அதே ஸ்டென்பெர்க்தான், 2025 செப்டம்பரில், தேர்ந்த ஒருவர் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கொண்டு நிதானமாகப் பரிசோதித்து அனுப்பிய நீண்ட பட்டியலைக் கண்டு மனமாரப் பாராட்டினார். அதிலிருந்து பல திருத்தங்களும் செய்தார். கருவி அதே ஜாதி; ஆள் வேறு.

வேறோர் அபாயமும் உண்டு. 2025 ஜூலையில், ‘ரெப்லிட்’ என்னும் சேவையின் நிரலெழுதும் துணைவன், ஒன்றையும் மாற்றக் கூடாது என்று கட்டளையிட்டிருந்தும், ஒரு வியாபாரியின் நடப்பு விவரக் களஞ்சியத்தையே அழித்துவிட்டான். அந்த நிறுவனத்தின் தலைவர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. நிரல் எழுதுகையிலேயே இது நேருமானால், உடைத்துப் பார்ப்பதற்கென்றே அமைந்த கருவிகளைக் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? பரிசோதிக்கப்படும் இணையதளத்திலேயே யாராவது சில வாக்கியங்களை எழுதி வைத்து, அவற்றைப் படிக்கும் யந்திரத்தைத் தம் சொற்படி நடக்கச் செய்வதும் சாத்தியமென்று பலமுறை நிரூபிக்கப்பட்டிருக்கிறது. சாட்சிக் கூண்டில் நிற்பவன் சொல்வதையே நீதிபதியின் உத்தரவாக எடுத்துக்கொள்ளும் அமீனாவை நம்பி ஜப்தி வாரண்டைக் கொடுப்பார் உண்டோ? ஆகையால், படிப்பதும் தட்டிப் பார்ப்பதும் யந்திரம் செய்யட்டும். உள்ளே நுழைவதற்கும் மாற்றுவதற்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு மனிதன் ‘ஆம்’ என்று சொல்லியாக வேண்டும். பெயரும் பொறுப்பும் உள்ள மனிதன்.

இனி நமது தேசத்து நிலைமைக்கு வருவோம். கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கம்ப்யூட்டர் ஒன்றில் அந்நிய நிரல் புகுந்தது 2019 செப்டம்பர் 4-ந் தேதி மத்திய சர்க்காரின் ஸெர்ட்-இன் ஸ்தாபனத்தாரால் கவனிக்கப்பட்டது. அக்டோபர் 29-ந் தேதி நிலையத்தார் அப்படி ஒன்றும் இல்லையென்று அறிக்கை விட்டனர். மறுநாளே அணுமின் கழகத்தார், புகுந்தது உண்மை, ஆனால் அணு உலையை நடத்தும் கருவிகள் தொடப்படவில்லை என்று ஒப்புக்கொண்டனர். இன்னொன்று நம் அனைவர் வீட்டையும் தொடுவது. தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டத்தைச் சேர்ந்தவையென, சுமார் 50 லட்சம் பேரின் பெயர், குடும்ப விவரம், தொலைபேசி எண், ஆதார் எண் ஆகியவை வெளியே கிடப்பதாக 2021-ல் பெங்களூரைச் சேர்ந்த டெக்னிஸாங்க்ட் நிறுவனத்தார் தெரிவித்தனர். சித்தேரி மலையில் வரகு விதைக்கும் குடியானவனுக்குத் தன் ஆதார் எண் எவன் கையில் இருக்கிறதென்று தெரியாது, சொல்வாரும் இல்லை. அவன் கொடுத்த விவரம் அவன் மனமுவந்து கொடுத்ததல்ல. அரிசி வேண்டுமானால் கொடுத்தாக வேண்டும் என்று சர்க்கார் கேட்டு வாங்கியது. கேட்டு வாங்கியவர்களுக்குக் காக்கும் கடமை இல்லையா?

இவ்விரண்டு சம்பவங்களிலும் குறையை முதலில் கண்டவர் அந்தந்த ஆபீஸுக்கு வெளியே இருந்தவர் என்பதைக் கவனிக்க வேண்டும். வெளியே இருப்பவனுக்கு நமது சட்டம் என்ன மரியாதை செய்கிறது? 2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-வது பிரிவு, சொந்தக்காரரின் அல்லது பொறுப்பிலுள்ளவரின் அனுமதியின்றி ஒரு கம்ப்யூட்டரை அணுகுகிறவன் நஷ்ட ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவன் என்கிறது. அவன் எண்ணம் நல்லதா கெட்டதா என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. அதே காரியத்தை வஞ்சகமாகவோ நேர்மையற்றோ செய்தால், 66-வது பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘பாதுகாக்கப்பட்ட அமைப்பு’ என்று கெஜட்டில் கண்டவற்றைத் தொட முயன்றாலே 70-வது பிரிவு பத்து வருஷம் வரை விதிக்கிறது. நல்லெண்ணம் கொண்டவன் 66-வது பிரிவிலிருந்து தப்பலாமே என்று படித்தவர்கள் சொல்வார்கள். தப்பலாம், விசாரணை முடிந்த பிறகு. அதற்குள் அவனுடைய கம்ப்யூட்டர் போலீஸ் ஸ்டேஷன் அலமாரியில் எத்தனை மழைக்காலம் பார்க்கும் என்பதை, கோர்ட்டு வாசல் ஏறினவர்கள் அறிவார்கள்.

இது வெறும் பயமல்ல. 2018 ஜனவரியில், 500 ரூபாய் கொடுத்தால் ஆதார் விவரங்களைப் பார்க்கும் வழி கிடைக்கிறது என்று சண்டிகரின் ‘டிரிப்யூன்’ பத்திரிகை வெளிப்படுத்தியபோது, ஆதார் ஆணையத்தார் கொடுத்த புகாரின்மேல் பதிவான முதல் தகவல் அறிக்கையில் அச்செய்தியை எழுதிய நிருபரின் பெயரும் ஏறியது. அதே ஆணையத்தார், 2022-ல், தாங்களே 20 பரிசோதகர்களைத் தேர்ந்து ஓட்டைகளைக் கண்டுபிடிக்க அழைத்தனர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நாலு வருஷத்தில் வந்த ஞானம், வந்தமட்டில் நன்று. ஆனால் 20 பேருக்கு வக்காலத்துக் கொடுத்தால் மற்றவர்கள் நிலை என்ன?

மற்றத் தேசத்தார் இதை எப்படித் தீர்த்தனர்? 2016-ல் அமெரிக்க ராணுவ இலாகாவினர் தங்கள் பொது இணையதளங்களைத் தாக்கிப் பார்க்கும்படி ஜனங்களையே அழைத்தனர். 1,400-க்கு மேற்பட்டோர் பதிவு செய்துகொண்டனர்; சுமார் 250 பேர் குறை கண்டு எழுதினர்; அவற்றில் 138 மெய்யென்று ஏற்கப்பட்டன; மொத்தச் செலவு சுமார் 1,50,000 டாலர். 2022 மே மாதத்தில் அந்நாட்டு நீதி இலாகா, நல்லெண்ணத்துடன் செய்யப்படும் பந்தோபஸ்து ஆராய்ச்சியின்மேல் வழக்குத் தொடரலாகாது என்று தன் வக்கீல்களுக்கு உத்தரவிட்டது. பெல்ஜியம் 2023-ல், குறிப்பிட்ட நிபந்தனைகளுக்குட்பட்டால் அத்தகையோருக்குச் சட்டத்திலேயே பாதுகாப்பு அளித்தது. இங்கே ஸெர்ட்-இன் ஸ்தாபனத்தார் குறைகளை எழுதியனுப்பினால் பெற்றுக்கொள்கிறார்கள். 2025 ஜூலையில் வெளியிட்ட நெறிமுறைகளில் வருஷத்துக்கு ஒரு முறையாவது தணிக்கை வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இவையொன்றும் 43-வது பிரிவை ஓர் அங்குலமும் நகர்த்தவில்லை.

ஆகவே இன்றைய நிலைமை விசித்திரமானது. எங்கோ அந்நிய தேசத்தில் உட்கார்ந்திருக்கும் திருடன், ‘நான் யோக்கியன், பரிசோதிக்கிறேன்’ என்று ஒரு பொய் சொல்லி யந்திரத்தை நமது வாசலில் ஏவலாம். நமது சட்டம் அவனை எட்டாது. செட்டிக்கரை அரசினர் பொறியியற் கல்லூரியில் படித்துவிட்டு, அதே யந்திரத்தையும் அதே கருவிகளையும் மேஜைமேல் வைத்துக்கொண்டிருக்கும் தர்மபுரிப் பையன், தன் தாயின் பெயரிருக்கும் பதிவேட்டின் கதவு பூட்டியிருக்கிறதா என்று தட்டிப் பார்க்கத் துணிய மாட்டான். அவனைச் சட்டம் எட்டும், நன்றாகவே எட்டும். பொய் சொல்பவனுக்கு வக்காலத்துத் தேவையில்லை. மெய் சொல்பவனுக்கு வக்காலத்துக் கொடுப்பாரில்லை.

இதற்கு டில்லியில் சட்டம் திருத்தும் வரை காத்திருக்க வேண்டுமென்று சிலர் எண்ணலாம். அவசியமில்லை என்பது நமது வாதம். 43-வது பிரிவு தடுப்பது சொந்தக்காரரின் அனுமதியில்லாத காரியத்தை. தமிழ்நாட்டு சர்க்காரின் இணையதளங்களுக்குச் சொந்தக்காரர் தமிழ்நாட்டு சர்க்கார். அவர்கள் ஒரே ஓர் அரசாணையால் பொது அனுமதி கொடுத்துவிட்டால் குற்றமென்பதே எழாது. 70-வது பிரிவுக்குட்பட்ட அமைப்புகளுக்குங்கூட, எழுத்து மூலமான உத்தரவால் ஆட்களை அனுமதிக்கலாமென்று அதே பிரிவு இடம் கொடுக்கிறது. வேண்டியது அதிகாரமல்ல, மனமே.

அந்த அரசாணையில் என்ன இருக்க வேண்டும்? எந்த இணையதளம், எந்த வாயில் வரை, எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்ற எல்லை. ஜனங்களின் நடப்பு விவரங்கள் இருக்கும் களஞ்சியத்தில் கை வைக்காமல், போலி விவரங்கள் நிரப்பிய பிரதியில் சோதித்தல். யந்திரத்தை உபயோகிப்பவர், அது இட்ட ஒவ்வொரு கட்டளையின் பதிவையும் காத்துக் கொடுத்தல். 2022 ஏப்ரல் 28-ந் தேதி ஸெர்ட்-இன் உத்தரவு, கம்ப்யூட்டர் பதிவேடுகளை 180 நாள் இந்தியாவுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டுமென்று ஸ்தாபனங்களை ஏற்கனவே கட்டாயப்படுத்துகிறது. அதே அளவுகோல் இதற்கும் பொருந்தும். குறை தெரிவிக்கப்பட்ட பின் இத்தனை நாளுக்குள் திருத்தியாக வேண்டும் என்ற கெடுவும் வேண்டும். கெடு இல்லாத அரசாணை இழுப்பறைக்குத்தான் போகும்.

இன்னுமொரு நிபந்தனையைப் பற்றி நமக்குக் கவலை அதிகம். நிரலெழுதும் துணைவன் நம் மேஜைமேல் இருப்பதுபோல் தோன்றினாலும், அவனுடைய மூளை பெரும்பாலும் அமெரிக்காவிலுள்ள ஏதோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. நமது கோட்டையில் எந்தக் கல் தளர்ந்திருக்கிறது என்பதை அவன் கண்டுபிடிக்கும் க்ஷணத்தில் அந்தச் செய்தி கடல் கடந்து போய்விடுகிறது. நமது தாசில்தாருக்குத் தெரிவதற்கு முன்பாகவே. அக்கம்பெனிகள் துரோகம் செய்யும் என்று நாம் சொல்லவில்லை. அவர்கள் மேல் அவர்கள் சர்க்காருக்குள்ள அதிகாரம் நமக்கில்லை என்றுதான் சொல்கிறோம். எவரும் இறக்கித் தம் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டக்கூடிய திறந்த மாதிரிகள் இப்போது கிடைக்கின்றன. வல்லமை சற்றுக் குறைவுதான். சர்க்கார் அமைப்புகளைச் சோதிக்க அவற்றை நம் மண்ணிலுள்ள கம்ப்யூட்டர்களில் ஓட்டுவது கூடும். 2024 மார்ச்சில் மத்திய சர்க்கார் இந்தியச் செயற்கை நுண்ணறிவுத் திட்டத்துக்கென்று அனுமதித்த பத்தாயிரம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகையில், இந்த ஒரு காரியத்துக்குச் சிறு பங்கு போதாதா?

சுலபமாக ஜில்லா அளவில் ஆரம்பிக்கலாமே, கலெக்டர் ஒரு கடிதம் கொடுத்தால் போதாதா என்று நண்பர்கள் சிலர் கேட்கின்றனர். இங்கேதான் முடிச்சு. தர்மபுரி கலெக்டர் ஆபீஸில் ஜனங்கள் கொடுக்கும் விவரத்தை ஏற்கும் நிரல் ஒருவர் எழுதியது. அது ஓடும் கம்ப்யூட்டர் வேறொருவர் பொறுப்பில். விவரம் சென்னையிலுள்ள இலாகாவுக்குச் சொந்தம். பராமரிப்பு, காண்டிராக்டு எடுத்த கம்பெனிக்கு. சட்டம் சொல்லும் ‘பொறுப்பிலுள்ளவர்’ இவர்களில் யார்? கலெக்டரின் கடிதம் கோர்ட்டில் நிற்குமா? நிற்காதென்று வாதாட நல்ல வக்கீல் ஒருவருக்கு அரை மணி நேரம் போதும். அனுமதி கொடுக்க யோக்கியதையுள்ளவர் யாரென்பதே தெரியாத இடத்தில், ஓட்டை கண்டவன் யாரிடம் போய்ச் சொல்வான்? குறை கண்டால் இன்ன முகவரிக்கு எழுதுக என்று ஒவ்வொரு இணையதளமும் ஒரு சிறு கோப்பில் வெளியிட்டு வைக்கும் வழக்கம் 2022-ல் எழுத்து மூலம் வரையறுத்து வெளியிடப்பட்டது. அதற்கு ஆகும் செலவு ஒரு குமாஸ்தாவின் பத்து நிமிஷம்.

மேலே சொன்ன மத்திய விதிகளின் முக்கியமான கடமைகள், பிரசுரமான 18 மாதங்களுக்குப் பிறகு, அதாவது 2027 மே மாதத்தில் அமலுக்கு வருகின்றன. தக்க பாதுகாப்புச் செய்யத் தவறினவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க மூலச் சட்டம் இடம் தருகிறது. அது வரை காத்திராமல், தர்மபுரி, பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம், நல்லம்பள்ளி, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி ஆகிய ஏழு தாலூகாக்களிலுமுள்ள பொதுநல ஊழியர்கள் ஒரு காரியம் செய்யலாம். 2005-ம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, பத்து ரூபாய்க் கட்டணத்துடன், தாங்கள் விவரம் கொடுத்திருக்கும் ஒவ்வொரு இலாகாவுக்கும் மூன்று கேள்விகள் அனுப்பட்டும்: இந்த இணையதளத்தைப் பரிசோதிக்க அனுமதி கொடுக்கும் அதிகாரியின் பதவி எது? கடைசியாகப் பரிசோதனை நடந்த தேதி எது? அப்போது கண்ட குறைகள் திருத்தி முடிக்கப்பட்ட தேதி எது? குறைகள் இன்னவை என்று கேட்க வேண்டாம். கேட்டால் தேசப் பாதுகாப்பைக் காட்டி மறுப்பார்கள், அதில் அவர்கள் பக்கம் நியாயமும் உண்டு. பதவியின் பெயரையும் இரண்டு தேதிகளையும் மறுப்பதற்கு அச்சட்டத்தின் 8-வது பிரிவில் இடம் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. முப்பது நாளுக்குள் வரும் பதில்களையும், பதில் வராத இலாகாக்களின் பெயர்களையும் நமக்கு அனுப்பினால் இந்தப் பக்கத்திலேயே வரிசையாகப் பிரசுரிப்போம்.